அரை முட்டைக்கோஸ் கனம்

நவம்பர் மாதம் வந்துவிட்டால் புச்சொன் நகரத்து மேகங்களுக்குச் சோம்பல் பிடித்துக்கொள்ளும். மேலே ஏற மனமில்லாமல், ஒன்பதாம் மாடி, பத்தாம் மாடி ஜன்னல்களில் தோளைச் சாய்த்துக்கொண்டு நிற்கும்.

அப்படி ஓர் ஒன்பதாம் மாடி வீட்டில்தான் நாரே இருந்தாள். வயது பத்து. அப்பாவுக்குத் தெற்கே கோஜே தீவில் கப்பல் கட்டும் வேலை. மாதத்துக்கு இரண்டு முறை வருவார். மற்ற நாளெல்லாம் வீட்டில் அம்மாவும் நாரேயும்தான்.

அம்மா ஹேஜின் படக்கதை வரைகிறவள். புத்தகத்தில் வருகிற படக்கதை இல்லை, கண்ணுகளா. செல்போனில் விரலால் தள்ளித் தள்ளிப் படிக்கிற கதை. புதன்கிழமைதோறும் ஓர் அத்தியாயம் வரும்.

கதையின் நாயகன் டுங்டுங் என்ற குண்டு நீர்நாய். தோளில் தபால் பை. மேகத்துக்கு மேகம் தாவிக் கடிதம் கொடுப்பது அதன் வேலை. ஆனால் ஒரு ரகசியம் சொல்கிறேன்: படிக்கிறவர்களுக்கு டுங்டுங்கைவிட அந்த மேகங்களைத்தான் ரொம்பப் பிடிக்கும். ‘ஏறிப் படுத்துக்கணும் போல இருக்கு’ என்று யாராவது வாராவாரம் எழுதுவார்கள்.

இதையெல்லாம் அம்மா வரைந்தது ஒரு கிழட்டு டேப்லெட்டில். கண்ணாடித் திரையில் பேனாவை வைத்துக் கோடு இழுத்தால், கோடு உடனே வராது. பேனா முன்னால் போகும். கோடு பின்னால், தாயைத் தேடி வரும் வாத்துக்குஞ்சு போல ஆடி அசைந்து வந்து சேரும். அதுகூடப் பரவாயில்லை. இப்போதெல்லாம் நடுவிலேயே திரை இருண்டு போகும். அப்படி இருண்டபோது போன மாதம் ஒரு முழுப் பக்கம் காணாமல் போயிற்று.

“அக்கா, இதுக்கு மேல இதைத் தொந்தரவு பண்ணாதீங்க. பாவம், ரிடயர் ஆகட்டும்” என்றாள் கும்ஹீ சித்தி. அவள் அம்மாவின் தோழி. கதைக்கு வண்ணம் தீட்டுகிறவள். தினமும் வருவாள், வந்ததும் கமலா ஆரஞ்சுக் கூடை எங்கே என்று தேடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் சித்தியும் கடைக்குப் போய்ப் புது டேப்லெட் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஒரு வாரம் வீட்டில் வைத்து வரைந்து பார்க்கலாம். பிடிக்கவில்லையென்றால் அடுத்த ஞாயிறு மதியத்துக்குள் திருப்பித் தரவேண்டும்.

அதைப் பார்த்ததும் நாரேயின் வாய் திறந்தபடியே நின்றது. ஜன்னல் கதவு அளவு இருந்தது திரை. பேனாவைப் பக்கத்தில் கொண்டுபோனால் ‘டக்’ என்று காந்தத்தில் ஒட்டிக்கொண்டது.

சித்தி ஒரு தாளைக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டி நடுவில் கோடு போட்டாள். “இந்தப் பக்கம் நல்லது. அந்தப் பக்கம் கெட்டது. வாரம் முழுக்க எழுதுவோம். ஞாயித்துக்கிழமை எண்ணிப் பாத்து முடிவு பண்ணுவோம். சரியா?”

“நானும் எழுதலாமா?” என்றாள் நாரே.

“நீ இல்லாமலா?”

கிம்ச்சி என்ற காரமான முட்டைக்கோஸ் ஊறுகாய் போடும் காலம் அது. பால்கனியில் முட்டைக்கோஸ்கள் மலைபோல் குவிந்திருந்தன. பக்கத்தில் தராசு. நாரே அரிந்து வைத்திருந்த ஒரு பாதி முட்டைக்கோஸை நிறுத்தாள். பிறகு துணி விரித்து டேப்லெட்டை நிறுத்தாள். பிறகு கெட்டது பக்கத்தில் எழுதினாள்: ‘கனம், அரை முட்டைக்கோஸ்.’

அம்மா எழுதியவை எல்லாம் நல்லது பக்கத்தில். ‘கோடு உடனே வருகிறது.’ ‘பெரிய பக்கம்கூடக் கண் இமைக்குமுன் திறக்கிறது.’ ‘மெல்ல அழுத்தினால் மெல்லிய கோடு, நன்றாக அழுத்தினால் தடித்த கோடு. சொன்னபடி கேட்கிறது.’

அன்று இரவுச் சாப்பாட்டில் அம்மாவுக்கு ஒரே உற்சாகம். கையை வீசிப் பேசியதில் சூப் கிண்ணம் கவிழ்ந்தது. உடனே அம்மா இரண்டு விரல்களால் மேசையைத் தட்டினாள்!

நாரேயும் சித்தியும் உருண்டு உருண்டு சிரித்தார்கள். டேப்லெட்டில் தப்பாக வரைந்துவிட்டால் திரையை இரண்டு விரலால் தட்டவேண்டும், தப்பு மறைந்துவிடும். அந்தப் பழக்கம்!

“அக்கா, எவ்வளவு தட்டினாலும் சூப்பு கிண்ணத்துக்குள்ள திரும்பிப் போகாது!”

“போதும் போதும், துணியை எடு” என்றாள் அம்மா, தானும் சிரித்துக்கொண்டே.

அந்த வார அத்தியாயம் ஒரு நாள் முன்னதாகவே முடிந்தது. அப்படி நடந்ததே இல்லை. புதன்கிழமை எல்லோரும் ஆவலாகச் செல்போனைப் பார்த்தார்கள்.

‘மேகத்துக்கு என்ன ஆச்சு?’ என்று ஒருவர் எழுதியிருந்தார்.

‘கடையில விக்கிற பஞ்சு மாதிரி இருக்கே.’

‘டுங்டுங் இதுல உக்காந்தா வழுக்கிடும்.’

அம்மா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வேண்டாத நேரத்தில் பூண்டு உரிக்கத் தொடங்கினாள்.

வியாழக்கிழமை சித்தி திரையின்மேல் தாள் போல் சொரசொரப்பான ஒரு படலம் ஒட்டிப் பார்த்தாள். பேனா முனையை மாற்றிப் பார்த்தாள். உள்ளே இருந்த அமைப்புகளை எல்லாம் ஏற்றி இறக்கிப் பார்த்தாள். மேகம் வழுவழு என்றேதான் வந்தது.

வெள்ளிக்கிழமை அம்மா கிழட்டு டேப்லெட்டை மறுபடி வெளியே எடுத்தாள்.

அம்மா வரையும்போது நாரே எங்கே இருப்பாள் தெரியுமா? குளிருக்காக அடியில் சூடேற்றிய இளஞ்சூடான தரையில், அம்மாவின் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்திருப்பாள். அம்மா அந்தப் பக்கம் பார்த்து வரைவாள். நாரே இந்தப் பக்கம் பார்த்து வீட்டுப்பாடம் எழுதுவாள். அன்றும் அப்படித்தான்.

அம்மாவின் முதுகு மெல்ல உயர்ந்தது. நின்றது. மெல்லத் தாழ்ந்தது. மறுபடி உயர்ந்தது. படகில் உட்கார்ந்திருப்பது போல் இருந்தது நாரேக்கு. கணக்கில் இருந்த எண்கள்கூடத் தண்ணீரில் மிதந்தன.

“வந்துடுச்சு!” என்றாள் அம்மா. நாரே திரும்பிப் பார்த்தாள். பாதி மேகம். ஓரம் லேசாக நடுங்கியது. இப்போதுதான் கண்விழித்தது போல் இருந்தது.

அடுத்த நொடி திரை இருண்டது. அம்மா பொத்தானை அழுத்தினாள். தட்டினாள். சூடு காட்டினாள். அது கண் திறக்கவே இல்லை.

அதைக் கீழே வைத்துவிட்டு அம்மா மெதுவாகச் சொன்னாள். “இப்பத்தான் புரியுது. மேகம் என் கையில இருந்து வரல. அந்தப் பழைய டேப்லெட்டோட கோளாறுல இருந்து வந்திருக்கு. அது தடுமாறித் தடுமாறிப் போட்ட கோட்டை நான் போட்டதா நினைச்சிட்டிருந்தேன்.”

“அப்ப டுங்டுங்?” என்றாள் நாரே.

“இந்தப் புதுசை ஞாயித்துக்கிழமை திருப்பிக் குடுத்துடலாம். டுங்டுங் அடுத்த வாரம் கடைசிக் கடிதத்தைக் குடுத்துட்டு வீட்டுக்குப் போகட்டும். கீழ, ஆத்தோரம் ஒரு வீடு.”

“அதுக்கு ஆறு பிடிக்காதும்மா. மேலதான் பிடிக்கும்.”

அம்மா நாரேயின் தலையைத் தடவினாள்.

சனிக்கிழமை காலை எழுந்ததும் நாரே ஜன்னலைப் பார்த்தாள். ஒரு மேகம் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றது. ‘என்னை ஏன் பாக்கறே? நீயே யோசி’ என்று சொல்வது போல் இருந்தது.

அம்மா கடைசிக் கடிதத்தை வரைய உட்கார்ந்தாள். புது டேப்லெட்டைத் தவிர இப்போது வேறு இல்லையே! நாரே வழக்கம்போல் முதுகோடு முதுகு சேர்த்தாள்.

டக் டக் டக் டக். கண்ணாடியில் பேனா கொத்தியது. இரண்டு விரலால் தட்டும் சத்தம். மறுபடி டக் டக் டக்.

நாரே பென்சிலைக் கீழே வைத்தாள். அம்மாவின் முதுகு மரப்பலகை போல் இருந்தது. உயரவில்லை, தாழவில்லை. அம்மா மூச்சே விடவில்லை!

நாரேக்கு நேற்றைய படகு நினைவுக்கு வந்தது. கிழட்டு டேப்லெட்டில் ஒரு கோடு போட்டால், அது வந்து சேரும்வரை அம்மா காத்திருப்பாள். சும்மா காத்திருக்க முடியுமா? ஜன்னலைப் பார்ப்பாள். மூச்சு இழுப்பாள். விடுவாள். அதற்குள் கோடு வந்துவிடும். அதன் பிறகுதான் அடுத்த கோடு.

புதியது காத்திருக்க விடுவதில்லை. அம்மாவும் அதன்கூடவே ஓடிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, கொஞ்சம் மெதுவா வரையேன்.”

“மெதுவாத்தானே வரையறேன்” என்றாள் அம்மா. டக் டக் டக்.

“மூச்சு விட்டுட்டு வரையேன்.”

“விடாம உயிரோட இருப்பேனாடி? போ, போய் ஆரஞ்சு சாப்பிடு.”

சொன்னால் வேலைக்கு ஆகாது என்று நாரேக்குப் புரிந்துவிட்டது. அவள் ஒரு போர்வையை எடுத்துவந்தாள். அம்மாவின் முதுகில் நன்றாகச் சாய்ந்து, தலையையும் பின்னால் போட்டுக்கொண்டாள்.

“ஏய், என்ன இது, முழு முட்டைக்கோஸ் கனம் கனக்கறே!”

“தூக்கம் வருதும்மா. இப்படியே தூங்கிக்கிறேன். நீ ஆடினா நான் விழுந்துடுவேன்.”

“காலங்காத்தால என்ன தூக்கம்?” என்றாள் அம்மா. ஆனால் நகரவில்லை.

நாரே கண்களை மூடி, தூங்குகிறவளைப் போல் நீளமாக மூச்சு இழுத்தாள். நீளமாக விட்டாள். இழுத்தாள். விட்டாள்.

பிள்ளை தூங்கும்போது எந்த அம்மாவாவது வெடுக் வெடுக்கென்று கையை வீசுவாளா? ஹேஜினின் கை தானாக மெதுவாயிற்று. டக் டக் குறைந்தது. அம்மாவின் முதுகு கொஞ்சம் உயர்ந்தது. கொஞ்சம் தாழ்ந்தது. பிறகு இரண்டு முதுகுகளும் ஒன்றாக உயர்ந்தன, ஒன்றாகத் தாழ்ந்தன.

படகு நகரத் தொடங்கியது.

தரை இளஞ்சூடாக இருந்தது. ஆரஞ்சுத் தோல் வாசனை வந்தது. ஜன்னலில் நின்ற மேகம் கண்ணாடியைத் திறந்துகொண்டு உள்ளே வந்தது. செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் வந்தது, நல்ல மேகம். டுங்டுங் அதன்மேல் உட்கார்ந்து பையில் எதையோ தேடியது. “உனக்கு ஒரு கடிதம் இருக்கு. எங்க வச்சேன்?” என்றது. “மெதுவாத் தேடு. அவசரமில்ல” என்றாள் நாரே. கீழே வெகுதூரத்தில் ஒரு பேனா கோடு இழுத்தது. நின்றது. மூச்சு விட்டது. மறுபடி இழுத்தது.

“அக்கா! இது யார் வரைஞ்சது?”

சித்தியின் குரலில் நாரே திடுக்கிட்டு விழித்தாள். ஜன்னலில் வெயில் சாய்ந்திருந்தது. கன்னத்தில் போர்வையின் மடிப்பு பதிந்திருந்தது. அம்மா அதே இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பெரிய திரை முழுவதும் மேகங்கள். பதினோரு மேகங்கள்! ஓரமெல்லாம் லேசாக நடுங்கின. ஒன்று கொட்டாவி விடுவது போல்கூட இருந்தது.

“சத்தம் போடாதே, நாரே தூங்கறா” என்றாள் அம்மா.

“நான் முழிச்சாச்சு” என்றாள் நாரே. “அம்மா, பாத்தியா? மேகம் பழைய டேப்லெட்டுல இல்ல. உன் மூச்சுலதான் இருந்துச்சு. அது மெதுவா இருந்ததால நீ மூச்சு விட்டே. இது வேகமா இருக்கா, நீ விடவே இல்ல.”

அம்மா திரும்பி அவளை உற்றுப் பார்த்தாள். “அடி கள்ளி! நீ நிஜமாத் தூங்கினியா, நடிச்சியா?”

“முதல்ல நடிச்சேன்” என்றாள் நாரே. “அப்புறம்தான் என்னாச்சுன்னு தெரியல.”

அம்மா சிரித்தாள். எழுந்திருக்கப் பார்த்தாள். “ஐயோ, கால் மரத்துப் போச்சு! கும்ஹீ, கையைக் குடு!” அவளைத் தூக்கி நிறுத்த இரண்டு பேர் வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் குளிர்பதனப் பெட்டி முன்னால் நின்றார்கள். கெட்டது பக்கத்தில் நாரே புதிதாக ஒன்று எழுதியிருந்தாள்: ‘இதற்குக் காத்திருக்கத் தெரியாது.’

சித்தி எண்ணத் தொடங்கினாள். அம்மா பென்சிலை வாங்கி, அந்த வரிக்கு நேர் எதிரே, நல்லது பக்கத்தில் எழுதினாள்: ‘எங்களுக்குத் தெரியும்.’

மதியம் கடையிலிருந்து போன் வந்தது. “திருப்பித் தரீங்களாம்மா?”

“இல்லைங்க. இது எங்க வீட்டுலயே இருக்கட்டும்” என்றாள் அம்மா.

டுங்டுங் ஆற்றங்கரைக்குப் போகவில்லை. அந்தப் புதன்கிழமை அது பதினோரு மேகங்களைத் தாண்டிப் போய், பன்னிரண்டாவது மேகத்தில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு சிறுமிக்குக் கடிதம் கொடுத்தது. கடைசியில், வேலை செய்தவர்களின் பெயர்கள் வருகிற இடத்தில், இப்படி இருந்தது:

கதை, படம்: ஹேஜின்.
வண்ணம்: கும்ஹீ.
மூச்சு: நாரே.

மறுநாள் பள்ளியில் பிள்ளைகள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

“உன் பேர் வந்திருக்கே! மூச்சுன்னா என்ன வேலைடி?” என்று கேட்டாள் பக்கத்து இருக்கைத் தோழி.

நாரே ஆரஞ்சை உரித்தபடி சொன்னாள். “தூங்கற வேலை.”

“ரொம்பக் கஷ்டமா?”

நாரே கொஞ்சம் யோசித்தாள். பிறகு ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டாள்.

“சனிக்கிழமை மட்டும்தான்.”