பெயரில்லாக் கற்களின் சரிவு

மடியில் வைத்திருந்த மூட்டைக்குள் இருந்தது ஒரு கைப்பிடி மண்தான். ஆனால் வண்டி சரிவைவிட்டு இறங்குவதற்குள் ஒக்சுனின் தொடைகள் மரத்துப்போயிருந்தன.

"என்னண்ணா, இந்த ஊரு மண்ணு இவ்வளவு கனக்குது?"

"மழையில ஊறின கரிமண்ணு. பின்ன பஞ்சு மாதிரியா இருக்கும்?" ஓட்டிக்கொண்டே தொக்மான் சிரித்தார். "படையல்னு அரிசிக் கள்ள மொத்தமா அங்கயே ஊத்திட்ட. அண்ணனுக்கு ஒரு வாய் வெச்சிருக்கலாம்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மூட்டையை நகர்த்திப் பார்த்தாள். நகரவில்லை.

அவளுடைய தாத்தா பன்சோக், கொரியாவிலிருந்து ஜப்பானின் இந்தக் கியூஷு நிலக்கரிச் சுரங்கத்துக்குக் கப்பலேறியபோது அவள் அப்பா கைக்குழந்தை. சுரங்கம் இடிந்து செத்துப்போனார் என்ற செய்திதான் ஊருக்கு வந்தது. வேறொரு சுரங்கத்தில் வேலைபார்த்த அவர் தம்பி, அதாவது தொக்மானின் தாத்தா, ஓடிவந்து விசாரித்தபோது, மூங்கில் புதர் மண்டிய ஒரு சரிவைக் கைகாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். பக்கத்துக் கோயிலின் இறப்புப் பதிவேட்டிலும் பெயரில்லை. இப்போது ஊரில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் அப்பா, "எங்கப்பன் மண்ணு வராம நான் கண்ண மூட மாட்டேன்" என்று சோற்றைத் தள்ளிவிட்டுக் காத்திருக்கிறார்.

சரிவு முழுக்கக் கரிக்கழிவுக் கற்கள். ஒவ்வொன்றின் கீழும் ஓர் ஆள். எந்தக் கல்லிலும் எழுத்தில்லை. பகலெல்லாம் மழையில் அலைந்து, கப்பலுக்கு நேரமாகிவிட்ட தவிப்பில், ஒக்சுன் நடுவில் நின்று கத்தினாள்: "தாத்தா, வீட்டுக்குப் போலாம், வாங்க!"

"பேரச் சொல்லிக் கூப்பிடும்மா," என்றார் தொக்மான். "இங்க எல்லாருமே யாருக்காச்சும் தாத்தாதான்."

"பெரியவங்க பேர எப்படிண்ணா வாயால சொல்றது?"

காலடியில் கிடந்த கல்லைப் புரட்டி மண்ணை அள்ளிக்கொண்டு வந்துவிட்டாள்.

இப்போது மழை வலுத்திருந்தது. துடைப்பான்கள் கண்ணாடியை வழித்துக்கொண்டே இருக்க, சூடேற்றியின் காற்றையும் மீறி வண்டிக்குள் ஈரக்கரியின் வாடை, அதோடு பழைய வியர்வை, சுரங்க விளக்கின் புகை, பலநாள் கழற்றாத துணியின் புளிப்பு எல்லாம் பின்னிருக்கையிலிருந்து மெல்ல மெல்ல முன்னே ஊர்ந்துவந்து அவள் கழுத்தைச் சுற்றின. ஏற்றத்தில் எஞ்சின் முனகியது. வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து சாலையில் உரசியது.

"டயரு போச்சா அண்ணா?"

தொக்மானின் கண் பின்னிருக்கையைக் காட்டும் மேல்கண்ணாடியில் நிலைத்திருந்தது. சிரிப்பின் மிச்சம் இன்னும் உதட்டில் இருந்தது, முகம்தான் வெளுத்திருந்தது.

பின்னால் யாரோ இருமினார்கள். நெஞ்சுக்கூட்டுக்குள் கரித்தூள் உருளும் வறட்டு இருமல். அடங்கியது. வேறொரு குரல் இருமியது. அப்புறம் இன்னொன்று.

"திரும்பாத," என்றார் தொக்மான், உதடு அசையாமல்.

"நிறுத்துங்கண்ணா."

"நிறுத்தத்தான் மிதிக்கிறேன். நிக்க மாட்டேங்குது."

அவள் திரும்பவில்லை. பக்கக் கண்ணாடி தெரிந்தது. அதில் பின்ஜன்னல். உள்ளிருந்து மூச்சுப் பட்டு வெளுத்திருந்தது. வெளுப்பின்மேல் உள்ளங்கைகள். நிறைய. ஒன்றில் இரண்டே விரல்.

இவர்களில் தாத்தா இருப்பார். இருக்கத்தான் வேண்டும். பேத்தியை ஒன்றும் செய்ய விடமாட்டார்.

வாழ்நாளில் முதல்முறையாக அந்தப் பெயரை உச்சரித்தாள்.

"பன்சோக்... பன்சோக் தாத்தா, இருக்கீங்களா?"

இருமல் நின்றது. எல்லாம் நின்றது. மழைகூட.

காதோரம் சில்லென்று ஒரு மூச்சு.

"அவனா?" மென்மையாக, கிட்டத்தட்டப் பாசமாகக் கேட்டது குரல். "அவன் அங்கேயேதான் கிடக்கான் புள்ள. நீ அவனக் கூப்பிடலயே."

இருக்கைகளின் இடுக்கு வழியே ஒரு கை வந்தது. கறுத்து, ஈரமாக. மூட்டைமேல் இருந்த அவள் கையின்மேல் படிந்தது. அதன்மேல் இன்னொரு கை. அதன்மேல் இன்னொன்று.

கீழே, துறைமுகத்தின் விளக்குகள் தெரிய ஆரம்பித்தன.

"வீட்டுக்குப் போலாம்," என்றன அத்தனை குரல்களும்.