மனு வராத ஊர்

ஆழிப்பாடியின் அடுத்த நாற்பது ஆண்டுகள் காலை பதினொன்றரை மணிக்குள் முடிந்துவிட்டன. குடிநீர் வாரியத்தின் கணினி ஒத்திகைப்பொறி அவற்றை இருபத்தெட்டு முறை ஓட்டிப் பார்த்திருந்தது, ஒரு முன்மொழிவுக்கு ஒரு முறை வீதம். திரையில் இருபத்தேழுக்கு எதிரே ‘தகுதியில்லை’ என்று வந்தது. ஒன்றுக்கு மட்டும் ‘தகுதி’.

தேறியது சந்தனமாரியின் முன்மொழிவு. அவள் உடனே தன் நிறுவனத்து இருதயராஜைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

“நம்ம திருஷ்டி தேறிட்டுடா.”

“அக்கா, அது விளையாட்டுக்கு எழுதினது!”

“விளையாட்டுக்குன்னா பலகையோட அளவெல்லாம் எதுக்குடா மில்லிமீட்டர் சுத்தமாப் போட்ட?”



அரசு ஒப்பந்தம் இரண்டு படிகளில் நடக்கும். முதல் உறையில் விலையே இருக்காது. வேலையை எப்படிச் செய்யப் போகிறோம் என்ற தொழில்நுட்ப விவரம் மட்டும் இருக்கும். அதில் தேறியவற்றுக்குத்தான் இரண்டாம் உறையில் விலை கேட்பார்கள். எல்லோரும் ஒரே தடத்தில் யோசித்துவிடக் கூடாது என்பதற்காக, ஒவ்வொரு நிறுவனமும் ஒரு மாற்று முன்மொழிவாவது தந்தாக வேண்டும். நல்ல விதிதான். ஆனால் ஒப்பந்தக்காரர்கள் அதற்கும் ஒரு வழக்கம் கண்டுபிடித்திருந்தார்கள். புதுக் கட்டடத்தில் கண் படாமலிருக்க வைக்கோல் பொம்மை கட்டுவார்கள் அல்லவா? அதுபோல அசல் திட்டத்துக்குப் பக்கத்தில் ஒப்புக்குச் சப்பாணியாக ஒரு மட்டமான திட்டம். அதைத் திருஷ்டி என்றே அழைத்தார்கள்.

சந்தனமாரியின் நிறுவனத்தில் நான்கே பேர். அசல் திட்டமான உப்புநீக்கி நிலையத்தை எட்டு மாதம் உட்கார்ந்து வரைந்தார்கள். திருஷ்டியை இருதயராஜ் ஒரு மதியச் சாப்பாட்டு வேளையில் எழுதி முடித்தான். பழைய குழாய்கள் அப்படியே இருக்கும். உப்புத் தண்ணீரும் அப்படியே வரும். தெருவுக்கு ஓர் ஒளிப்பலகை மட்டும் புதிது. அது அன்றைய உப்பின் அளவைக் காட்டி, ‘பணி நடைபெறுகிறது’ என்று இரவும் பகலும் ஒளிரும்.

சந்தனமாரியும் ஆழிப்பாடிக்காரிதான். அவளுடைய தங்கை இசக்கிக்கு இரண்டு சிறுநீரகங்களும் பாதிக்கு மேல் பழுதாகிவிட்டன. உப்பில்லாத தண்ணீர் கிடைத்தால் மீதியைக் காப்பாற்றலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அந்த ஊரில் லாரியில் வருவதும் கேனில் வருவதும் அதே நிலத்தடி நீர்தான்.

பலகைத் திட்டம் வேண்டாம் என்று ஆட்சேபக் கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு, மறுநாள் செயற்பொறியாளர் நூருல் அமீனைப் பார்க்கப் போனாள்.

“உங்க நிலையம் அருமையான நிலையம்மா,” என்றார் அவர். “ஆனா திரையில இந்தக் கோட்டைப் பாருங்க.”

ஒத்திகைப்பொறிக்குள் ஆழிப்பாடியில் வாழும் இருபத்திரண்டாயிரம் பேருக்கும் ஒவ்வொரு நிழலாள் உண்டு. மின்கணக்கு, ரேஷன் அட்டை, கைபேசிப் பதிவு ஆகியவற்றிலிருந்து பின்னப்பட்ட ஆட்கள். திட்டத்தை உள்ளே போட்டால், நிழலாட்கள் அதோடு நாற்பது ஆண்டுகள் வாழ்ந்து காட்டுவார்கள். அவர்கள் திருப்தியாக இருக்கிறார்களா என்பதை எதை வைத்து அளப்பது? பல அளவுகோல்களை முயன்று பார்த்த வாரியம், சந்தேகமில்லாமல் எண்ணக்கூடிய ஒன்றைப் பிடித்துக்கொண்டது. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் வரும் மனுக்கள். ஐந்தாண்டுகளுக்குள் அவை ஆண்டுக்கு நூற்றுக்குக் கீழே இறங்கினால் திட்டம் தேறியது.

உப்புநீக்கி நிலையத்தின் கோடு ஆயிரத்து நானூற்றில் நின்றுவிட்டிருந்தது.

“நல்ல தண்ணி வருதே சார். அப்புறம் என்ன மனு?”

“மேலத்தெருவுக்கு ஆறு மணிக்கு வருது, எங்களுக்கு மட்டும் ஏன் ஏழு மணி? மாடிக்கு ஏறல. ருசி பத்தல. குடுக்கக் குடுக்கக் கேக்காங்கம்மா.”

கேட்டால் கிடைக்கும் என்று கண்டவர்கள்தான் மேலும் கேட்பார்கள். இது பொறிக்குத் தெரியாது. குறையில்லாதவரும் மனு போடுவதில்லை, கைவிட்டவரும் போடுவதில்லை. இருவரும் அதன் கணக்கில் ஒன்றுதான்.

“இது உங்க பலகைத் திட்டம்,” என்று அடுத்த கோட்டைக் காட்டினார். முதல் ஆண்டு ஒன்பதாயிரம். இரண்டாம் ஆண்டு இரண்டாயிரம். மூன்றாம் ஆண்டு நாற்பது. ஐந்தாம் ஆண்டிலிருந்து கோடு தரையோடு படுத்திருந்தது.

“ஊரே செத்துப்போச்சா சார்?”

“அதெல்லாம் இல்லம்மா, ஆளுங்க இருக்காங்க. கேக்குறத விட்டுட்டாங்க.”

அவள் கடிதத்தை மேசைமேல் வைத்தாள். அவர் அதைப் பிரிக்கவில்லை.

“குடுத்தீங்கன்னா வாங்கிக்கிடுதேன். டெண்டர் ரத்தாகும். குடுத்த திட்டத்தை நீங்களே மறுத்ததுக்காக உங்க கம்பெனி கறுப்புப் பட்டியலுக்குப் போகும். மூணு வருஷம் கழிச்சு மறுபடி கூப்பிடுவாங்க. அப்பவும் இதே பொறிதான்.”

“என் நிழலாளைப் பாக்கலாமா?” என்று கேட்டாள் சந்தனமாரி. அவரவர் நிழலாளை அவரவர் பார்க்கச் சட்டம் இடம் தந்தது.

பலகைத் திட்டத்தில் அவளுடைய நிழலாள் போட்டது முதல் ஆண்டு ஐம்பத்திரண்டு மனுக்கள். எல்லாமே தண்ணீருக்காக. இரண்டாம் ஆண்டு பதினொன்று. மூன்றாம் ஆண்டு ஒன்றே ஒன்று. அதற்குப் பின் எதுவும் இல்லை. அந்தக் கடைசி மனுவைத் திறக்கச் சொன்னாள்.

‘ஐயா, எங்கள் வீட்டுக்கு எதிரே உள்ள ஒளிப்பலகையின் வெளிச்சம், என் தங்கை இருந்த அறைக்குள் நேராக விழுகிறது. இப்போது அந்த அறையில் நான் படுக்கிறேன். தூக்கம் வரவில்லை. ஆவன செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.’

‘இருந்த’ என்ற சொல்லில் அவள் பார்வை நின்றது. அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. பலகையின் வரைபடம் பக்கத்துத் திரையில் திறந்தே கிடந்தது. கம்பத்தின் உயரம் பன்னிரண்டு அடி. விளக்குகளுக்கு மறைப்பு ஏதும் இல்லை. வெளிச்சம் பக்கவாட்டில் சிதறத்தான் செய்யும்.

“மேலயும் ரெண்டு பக்கமும் ஒரு சாண் தகரம் மடிச்சு வச்சா, வெளிச்சம் வீட்டுக்குள்ள விழாது சார்,” என்றாள்.

முதல் படியில் இப்படிச் சிறு திருத்தங்களை ஏற்க இடமுண்டு. நூருல் அமீன் அதைக் குறித்துப் பொறிக்குள் செலுத்தினார். நான்கு நிமிடங்களில் ஆழிப்பாடி இன்னொரு முறை நாற்பது ஆண்டுகள் வாழ்ந்து முடித்தது. மூன்றாம் ஆண்டின் நாற்பது மனுக்களில் முப்பத்தெட்டு இப்போது இல்லை.

“பரவாயில்லையே!” என்று நிமிர்ந்தார். “இந்தத் தகரம் எத்தனை பலகைக்கு வேணும்மா?”

சந்தனமாரி தெருக்களை மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள்.

“எல்லாத்துக்கும் வச்சிருவோம் சார்.”