ஜிம்மிக்குப் பசியில்லை

ஜிம்மி அன்று காலை பால்சோற்றை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

தட்டு தரையில் படும் சத்தம் கேட்டால் போதும், எங்கிருந்தாலும் சிமெண்டுத் தரையில் வழுக்கிக்கொண்டு ஓடிவந்து, தட்டை மூக்கால் தள்ளியபடியே சமையலறை முழுக்கச் சுற்றிவரும் குட்டி அது. இன்றோ வாசற்படியில் முன்னங்கால்கள் மேல் மோவாயை வைத்துப் படுத்திருந்தது. ஜெயசீலியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தது. மரியாதைக்கு வாலை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. கல்யாண வீட்டில் வயிறு முட்டச் சாப்பிட்டு வந்தவர்கள் இப்படித்தான் எதையும் வேண்டாமென்பார்கள். அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது.

அறுபத்தெட்டாம் வருடத்து மழைக்காலம். மே மாதம் கல்யாணம் முடிந்த கையோடு, திருநெல்வேலியில் பார்த்துவந்த டீச்சர் வேலையை விட்டுவிட்டு அவள் சிட்லபாக்கத்துக்கு வந்திருந்தாள். கணவன் அசரியா காலையில் மின்சார ரயிலைப் பிடித்துப் பட்டணத்து ஆபீசுக்குப் போனால், விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவான். சுண்ணாம்பு வாசனை போகாத புது வீடு. பின்பக்கம் சுவர் எழுப்பவில்லை. அடுத்த மனையில் யாரோ வீடு கட்டக் கடைக்கால் தோண்டி, பாதியில் விட்டுப் போயிருந்தார்கள். அந்தக் குழியில் பக்கத்து ஏரித் தண்ணீர் ஊறி, மழைத் தண்ணீரும் சேர்ந்து, கறுப்பாக நின்றது. பகலெல்லாம் அவள் தனியாக இருக்கிறாளே என்றுதான் பல்லாவரத்து நண்பன் வீட்டிலிருந்து அசரியா குட்டியைக் கொண்டுவந்தான். ஆகவே அவளுக்கு அதன்மேல் இருந்த பிரியத்தில் கொஞ்சம் நன்றியும் கலந்திருந்தது.

மறுநாளும் அது சாப்பிடவில்லை. முட்டையை அவித்துப் பிசைந்து வைத்தாள். பன்னைப் பாலில் நனைத்துக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து வரும்போது அசரியா வாங்கிவந்த எலும்பைக்கூட அது காலால் ஒதுக்கித் தள்ளியது. விலாவெலும்பு தெரிய ஆரம்பித்தது. வயிறு மட்டும் கல்போல இறுகி, உருண்டு, தரையைத் தொடுகிற மாதிரி தொங்கியது. சாயங்காலமானால் அதன் காதுகள் விறைத்துக்கொள்ளும். பின்கதவுப் பக்கம் போய்விடும். கொஞ்ச நேரம் கழித்து, நாக்கால் மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பி வரும்.

தாம்பரத்தில் கால்நடை டாக்டர் பக்தவச்சலம் குட்டியின் வயிற்றை அழுத்திப் பார்த்தார். இதற்கு வியாதி ஒன்றுமில்லை, யாரோ நன்றாகத் தீனி போடுகிறார்கள், அக்கம்பக்கத்தில் சொல்லிவையுங்கள் என்றார். ஆனால் எடை பார்த்தபோது அவர் தராசை இரண்டு தரம் தட்டிப் பார்த்ததை ஜெயசீலி கவனித்தாள்.

அன்று மத்தியானம் குட்டி வாந்தி எடுத்தது.

துடைக்கத் துணியோடு குனிந்தவள் அப்படியே நின்றாள். சோறு இல்லை, பால் இல்லை. வெறும் சேறு. குளத்தடிச் சேறுபோலக் கறுத்து, குளிர்ந்து, பாசி வாடை வீசியது. அதில் எலுமிச்சம்பழ அளவில் உருண்டைகள், கரையாமல், கலையாமல் கிடந்தன. குழந்தைக்குச் சோறு உருட்டும்போது விழுமே, அதே மாதிரி ஒவ்வோர் உருண்டையிலும் விரல் பதிந்த தடம். பெண்பிள்ளை விரல்.

துணியை அதன்மேல் போட்டு மூடினாள்.

பால் ஊற்ற வந்த கங்கையம்மாள் எதிர்ச்சாரியில் மாடு வைத்திருப்பவள், அந்தப் பக்கம் எல்லாரையும் தெரிந்தவள். அவளிடம்தான் ஜெயசீலி கேட்டாள், என் நாய்க்கு யார் தீனி வைக்கிறார்கள் என்று. கங்கையம்மாள் செம்பைத் தாழ்த்திவிட்டு அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"இன்னாம்மா, ஒண்ணும் தெரியாத மாரி கேக்கற? தெனம் பொழுது சாயசொல்ல நீதான அந்தக் குழியாண்ட குந்திகினு அதுக்கு ஊட்டிகினு கீற. புள்ளைக்கி ஊட்டற மாரி உருட்டி உருட்டி. நான் கூப்ட்டாகூட திரும்ப மாட்ற."

பொழுது சாயும் நேரத்தில் ஜெயசீலி எப்போதும் வாசல் கேட்டில்தான் நிற்பாள், ஸ்டேஷன் ரோட்டைப் பார்த்துக்கொண்டு. ஒருநாள்கூடப் பின்பக்கம் போனதில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தாள். கங்கையம்மாள் அதற்குள் படியிறங்கிவிட்டாள்.

அன்று வானம் சீக்கிரமே இருண்டது. பின்கதவைத் தாழ் போட்டு, குட்டியைக் கட்டில் காலில் கட்டினாள். மழை பிடித்துக்கொண்டது. கரண்டும் போயிற்று. அரிக்கேன் விளக்கை ஏற்றி அதன் எதிரிலேயே உட்கார்ந்தாள். தவளைகள் ஒரே சுருதியில் கத்திக்கொண்டிருந்தன. திடீரென்று எல்லாம் ஒன்றாக அடங்கின. பின்கதவு இடுக்கு வழியாக, வடித்த சோற்றின் சூடான வாசனை வந்தது, மேலே நெய் விட்ட மாதிரி. ஜிம்மி எழுந்து நின்றது. கயிறு கழுத்தை இறுக்குவதையும் பொருட்படுத்தாமல் கதவுப் பக்கமே இழுத்தது. குரைக்கவில்லை. வாலை ஆட்டியது.

வாசலில் செருப்புச் சத்தம். அசரியா. அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. தொப்பலாக நனைந்திருந்தான். டிபன் கேரியரை மேஜைமேல் வைத்தான். அது கனத்தது. காலையில் கட்டிக்கொடுத்தது கட்டிக்கொடுத்தபடியே இருந்தது.

எல்லாவற்றையும் அவனிடம் சொல்லிவிட வேண்டும். முதலில் ஒரு வாய் சாப்பிடட்டும் என்று தட்டை வைத்தாள்.

"வேணாம் சீலி. பசியில்ல."

"மத்தியானமும் சாப்பிடல போலருக்கே. என்னங்க ஆச்சு?"

"இப்பதான சாப்ட்டேன்."

"எங்க?"

அவன் சிரித்தான். "என்ன கேள்வி இது? நீதான கொல்லப்பக்கமா கூப்ட்ட. உக்கார வெச்சு, கையில உருட்டி உருட்டிப் போட்டியே. நேத்தும்தான்."

விளக்கைத் தூக்கினாள். அவன் உதட்டோரத்தில் ஈரம். கறுப்பாக. அதை நாக்கால் நக்கிக்கொண்டான்.

துண்டு எடுக்க உள்ளே ஓடினாள். அவன் வாயைத் துடைக்க வேண்டும், முதலில் அதைத் துடைக்க வேண்டும், பிறகு ஸ்டேஷனுக்குப் போய்விடலாம், குட்டியையும் தூக்கிக்கொண்டு இப்போதே. கொடியிலிருந்து துண்டை இழுத்தாள்.

தாழ் விலகும் சத்தம்.

திரும்பி வந்தபோது அறை காலி. கட்டில் காலில் கயிறு மட்டும். பின்கதவு விரியத் திறந்து, மழை உள்ளே அடித்தது.

வெளியே ஒரு குரல் கேட்டது. மெல்லிய குரல். திருநெல்வேலி இழுப்பு மாறாத குரல். அவளுடைய குரல்.

"மெல்ல சாப்பிடுங்க. நிறைய இருக்கு."

விளக்கோடு படிக்கு வந்தாள்.

குழியோரத்தில் அசரியா சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஜிம்மி. இருவரும் வாயைத் திறந்து அண்ணாந்திருந்தார்கள். எதிரே ஒருத்தி, முதுகைக் காட்டிக்கொண்டு. ஈரத் தலைமுடி தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. கை குழிக்குள் போயிற்று. கறுப்பாக அள்ளிவந்தது. உருட்டியது. அவனுக்கு ஒன்று. குட்டிக்கு ஒன்று. அவன் கண்ணை மூடிக்கொண்டு மென்றான்.

"என்னங்க," என்றாள் ஜெயசீலி. சத்தம் வெளியே வரவில்லை.

கை இன்னொன்று உருட்டியது.

குழியோரம் இருந்தவள் திரும்பவில்லை. கை மட்டும் பின்னால் நீண்டது. சேற்றைத் தாண்டி, துவைக்கும் கல்லைத் தாண்டி, நீண்டுகொண்டே வந்தது. படியருகே வந்து, ஜெயசீலியின் முகத்துக்கு நேராக நின்றது.

உருண்டையிலிருந்து ஆவி பறந்தது.

ஜெயசீலிக்கு வாயில் எச்சில் ஊறியது.