தொண்டை கட்டிய டீச்சர்

பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வண்டிகளெல்லாம் கிளம்பிப் போன பிறகும், தாழ்வாரத்தின் கடைசி வகுப்பறையிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. புது டீச்சர் பலகையைத் துடைத்தபடி காது கொடுத்தாள். கணீரென்ற குரல். ஆங்கில வார்த்தைகளை நிறுத்தி நிறுத்திச் சொன்னது; பிள்ளைகள் கூடவே சொன்னார்கள். மாலை வகுப்பு போலிருக்கிறது, பாவம், தன்னைப் போல மாட்டிக்கொண்டவள் யாரோ என்று நினைத்தாள். அப்புறம்தான் உறைத்தது. அந்தப் பள்ளியில் ஆங்கிலம் நடத்த அவளைத் தவிர வேறு யாரும் கிடையாது.

மகளைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டுக் கடல் தாண்டி வந்தவள் அவள். விமான நிலையத்துக்கு அழைக்க வந்த மேற்பார்வை மேடம் தமிழில் பேசியதும், அப்பாடா, நம்ம ஆள் ஒருத்தி இருக்கிறாள் என்று உச்சி குளிர்ந்துபோனாள். "பாஸ்போர்ட்டைக் குடும்மா, பத்திரமா வெச்சிருக்கேன்" என்று மேடம் அன்றே கேட்டு வாங்கிக்கொண்டாள். தங்க இடம் பள்ளியின் மாடியிலேயே. விளக்கு வைக்கும் நேரத்தில் வெளிக்கதவு பூட்டப்படும். பகலெல்லாம் இடைவெளி இல்லாத வகுப்புகள். உட்காரக் கூடாது, குரலைத் தாழ்த்தக் கூடாது. பெற்றோர்கள் வீட்டிலிருந்தே கேமராவில் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

குரலைப் பிடித்துக்கொண்டே தாழ்வாரத்தில் நடந்தாள். தரை துடைத்த மருந்தின் வாடை, பிள்ளைகள் விட்டுப்போன வியர்வை வாடை, அதற்கெல்லாம் அடியில் தொண்டைக்குப் போடும் மிட்டாயின் சில்லென்ற நெடி. கடைசி அறையை நெருங்க நெருங்க அந்த நெடி மட்டும் தனியாகப் பிரிந்து வந்து மூக்கில் ஏறியது. கதவுக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள். பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். மேசைக்குப் பின்னால் நாற்காலி காலி. ஒலிபெருக்கியும் இல்லை.

ஜன்னலோரச் சிறுமியைப் பென்சிலைக் கடிக்காதே என்று அதட்டியது குரல். சிறுமி பென்சிலை வாயிலிருந்து எடுத்தாள்.

மேடம் அலுவலக அறையில் நிதானமாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"கடைசி ரூம்ல யாருமே இல்ல மேடம். ஆனா பாடம் நடக்குது."

"அது உனக்கு முன்னாடி இருந்த டீச்சர்மா."

"அவங்க எங்க?"

"கீழ இருக்காங்க. நீ உன் க்ளாஸைப் பாரு."

அன்றிலிருந்து அவள் அந்தப் பக்கம் போகவில்லை. ஆனால் அவள் தொண்டை கம்மத் தொடங்கியது. மதியத்துக்குள் கரகரக்கும், சாயங்காலம் எச்சில் விழுங்கினால் முள் குத்தும். லீவு கேட்டாள்.

"பேச முடியுதில்ல? பேச முடிஞ்சா லீவு கிடையாது" என்றாள் மேடம்.

"அப்ப பாஸ்போர்ட்டைக் குடுங்க மேடம். நான் ஊருக்குப் போறேன்."

"வந்த புதுசுல எல்லாரும் இதைத்தான் சொன்னாங்க" என்று சிரித்தாள்.

மகளோடு போனில் பேசும்போதும் மேடம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். "எப்பம்மா வருவ?" என்று மகள் தினமும் கேட்பாள். "பரீட்சை லீவு விட்டதும் வந்துடுவேன் கண்ணு" என்று இவளும் தினமும் சொல்வாள். சொல்லும்போது மேடம் கண்ணை மூடிக்கொண்டு, பாட்டுக் கேட்பவளைப் போலத் தலையாட்டுவாள்.

ஒரு நாள் காலையில் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. இருமிப் பார்த்தாள், அதற்கும் சத்தமில்லை. உள்ளே ஒரு சின்ன சந்தோஷம் எட்டிப் பார்த்தது. ஊமை டீச்சரை வைத்துக்கொண்டு இவர்கள் என்ன செய்வார்கள்? அனுப்பித்தானே ஆகவேண்டும். அலுவலகத்துக்கு ஓடி, தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தாள்.

மேடத்தின் முகம் மலர்ந்தது. "இவ்வளவு சீக்கிரம் ஆகும்னு நெனைக்கல. இனிமே உனக்குக் கஷ்டமே இல்லம்மா."

அப்போது கேட்டது. அவளுடைய வகுப்பறையிலிருந்து. அவளுடைய குரல்.

ஓடினாள். கதவு உள்ளே பூட்டியிருந்தது. கண்ணாடியில் முகத்தைப் பதித்தாள். பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். காலி நாற்காலி. மேசைமேல் அவளுடைய போன், தண்ணீர்ப் புட்டியில் சாய்த்து வைக்கப்பட்டு. திரையில் மகள், பள்ளிக்கூட உடுப்பில், ரெட்டைச் சடையோடு.

"அம்மா, உன் மூஞ்சியே தெரியலம்மா."

"கேமரா கெட்டுப்போச்சு கண்ணு. குரல் கேக்குதில்ல?"

"கேக்குது. தொண்டை சரியாயிடுச்சா?"

"நல்லா ஆயிடுச்சு."

கண்ணாடியை அறைந்தாள். மகளே என்று கத்தினாள். வெறும் ஆவி படிந்தது. பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். குரல் அதட்டியது. குனிந்துகொண்டார்கள்.

தோளில் ஒரு கை. மேடம். "வாம்மா, கீழ போலாம்."

உதறினாள். பிடி விடவில்லை. காவலாளியும் வந்தான். படிகள். ஈரச் சுவர். சில்லென்ற அந்த நெடி, கண் எரியும் அளவுக்கு.

கீழே நீளமான ஓர் அறை. நீளமான ஒரு பெஞ்சு. அதில் கழுத்தைத் துணியால் சுற்றிக்கொண்ட பெண்கள், தோளோடு தோள் இடித்து. வற்றிப்போன முகங்கள். யாரும் நிமிரவில்லை. எல்லோருடைய உதடும் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தது. சத்தமே இல்லை. சிலருக்கு வாயோரம் வெடித்து ரத்தம் கட்டியிருந்தது.

ஓரத்தில் இருந்தவள் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

கதவு சாத்தப்பட்டது. பூட்டு விழுந்தது. அவள் உட்காரவில்லை. உட்காரவே மாட்டேன் என்று நின்றாள்.

அவள் உதடு துடித்தது. தானாகப் பிரிந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள். உள்ளங்கைக்கு அடியில் நாக்கு புரண்டது, உதடுகள் விரிந்தன, குவிந்தன. ஒவ்வொரு வார்த்தையும் தோலில் பட்டுப் புரிந்தது.

அம்மா இனிமே வரமாட்டேன் கண்ணு. சித்தியையே அம்மான்னு கூப்பிடு.

அப்புறம் அவள் வாய் சிரித்தது.