கம்பைலர் மறுத்த வரி

ட்ரிங்...! ட்ரிங்...!

1994. அம்பத்தூர் எஸ்டேட். காலை பத்து மணி.

மிஷின் கம்பெனியில் ப்ரோகிராமர் தாட்சாயிணி ரிசீவரை எடுத்தாள்.

"மேனாம்பேடு பட்டறைம்மா! நீங்க ப்ரோகிராம் எழுதின பிரஸ் மிஷின், அதை ஓட்டின பால்ராஜை நசுக்கிடுச்சு... ஆள் போயிட்டான்!"

ரிசீவர் நழுவியது.

ஒரு மணி நேரத்தில் இன்ஸ்பெக்டர் லட்சுமணன் வந்தார். கையில், மிஷினுடன் போன, ப்ரோகிராம் அடங்கிய ஃப்ளாப்பி. அதன்மேல் தாட்சாயிணியின் பெயர்.

"இன்னாம்மா... உன் பேருதான் கீது. உள்ள போவப் போறது நீதான்!"

"சார்... மிஷின்ல ஒரு மின்கண் இருக்கு. உள்ளே கை இருந்தா ஒண்ணு. இல்லேன்னா பூஜ்யம். கண்ணே பழுதானா மைனஸ் ஒண்ணு. மூணும் வெறும் எண்ணா இருந்தா, பழுதைக் கவனிக்காமலே விட்டுடலாம். அதனால பழுதை எண்ணா வைக்காம, தனி டைப்பா, தனி வகையா வச்சேன். அதைக் கவனிக்காம எழுதினா, ப்ரோகிராமைச் சரிபார்த்து மிஷின் மொழிக்கு மாத்தற கம்பைலர் அதை ஏத்துக்கவே ஏத்துக்காது!"

"அப்பால இது எப்படி ஏத்துக்கிச்சு?"

ஃப்ளாப்பியைப் போட்டுப் பார்த்தாள். வரிவரியாகப் படித்தாள்.

மிஷினை நிறுத்தும் வரி இல்லை! பழுதை யாரோ வலுக்கட்டாயமாகப் பூஜ்யமாக்கியிருந்தார்கள்.

கண் கெட்டால்... 'கை இல்லை'. பிரஸ் இறங்கும்!

"இது நான் எழுதலை சார்! நாலு நாள் லீவு முடிஞ்சு இன்னிக்குத்தான் வந்தேன். மாங்காட்டுல அக்கா கல்யாணம்!"

"லீவுக்கு மின்னாடியே எழுதி வச்சிருப்பே."

தோளில் ஒரு கை விழுந்தது. சுசீலா. பக்கத்து நாற்காலிக்காரி. கல்லூரியிலிருந்தே ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவள்.

"பாவம், விட்டுடுங்க சார். மிஷினை ஏத்த வந்த லாரி வாசல்ல ஹாரன் அடிக்குது... கண் சரியில்லாம மிஷின் நின்னு நின்னு போகுது... நிறுத்தற வரியைத் தூக்கினா கம்பைலர் கத்துது. அவசரத்துல பூஜ்யம் போட்டுட்டா!"

தாட்சாயிணி மெல்லத் திரும்பினாள்.

"சுசீ... லாரி வந்தது புதன்கிழமை. அன்னிக்கு நான் மாங்காட்டுல சந்தனம் கொடுத்துட்டிருந்தேன். கம்பைலர் யார்கிட்டடி கத்துச்சு?"

சுசீலாவின் முகம் வெளுத்தது.

"அன்னிக்கே மிஷினை அனுப்பலைன்னா என்னை வேலையை விட்டுத் தூக்கிடுவேன்னு மேனேஜர் சொன்னாரு..."

"அதுக்கு என் பேரா?"

"உன் பேர் இருந்தா... யாரும் திரும்பச் சோதிக்க மாட்டாங்கடி!"

தாட்சாயிணி தோளிலிருந்த கையை எடுத்துவிட்டாள். அழக்கூட வரவில்லை.

இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டு சுசீலா பக்கம் திரும்பினார்.

"கம்பைலரு வாயைக்கூட அடைச்சுட்டே... உன் வாயை அடைக்கத்தான் ஆளில்லாம பூட்ச்சு. ஏறும்மா ஜீப்புல!"