பதில் ஸலாம்

ஃபோனில் ஆறு பதிவுகள் இருந்தன. அஃப்சருன்னிசா பேசிப் பதிந்தது ஐந்துதான்.

மற்றதெல்லாம் அவளுக்கு மறக்கும். அடுப்பில் வைத்த பால், போட்டுக்கொண்ட மாத்திரை, பக்கத்துப் போர்ஷன்காரியின் பெயர், எதுவும் நிற்பதில்லை. அதனால்தானே இந்த இழவெடுத்த டைரி! அடையாற்று டாக்டர் சொல்லி, மகன் ஆசிஃப் அவள் ஃபோனில் ஏற்றிவிட்டுப் போனது. ஒரு நாளைக்கு ஐந்து தடவை மணியடிக்கும். செய்தி வாசிக்கிற குரலில் ஒருத்தி, "இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்? உங்களுடன் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்பாள். பொத்தானை அழுத்திக்கொண்டு பதில் சொல்ல வேண்டும். சொன்னது ஆசிஃபுக்கும் போகும், டாக்டருக்கும் போகும். மூன்று மாதம் டைரி ஒழுங்காக இருந்தால் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் இந்த மாடி வீட்டில் அவள் தனியாகவே இருக்கலாம். ஓட்டை விழுந்தால் வீட்டைப் பூட்டிவிட்டு, கொட்டிவாக்கத்தில் மகன் வீட்டு ஹாலில், டிவிக்குப் பக்கத்தில் கட்டில். பெற்ற தாய்க்கே பரீட்சை வைத்த பிள்ளை!

அவளா விடுவாள்? தொழுகை ஐந்து, டைரி ஐந்து. தொழுது முடித்ததும் டைரி என்று இரண்டையும் சேர்த்து முடிந்துவைத்திருந்தாள். அதனால் அந்தக் கணக்கு மட்டும் தப்பாது. ஆறாவது பதிவோ பகல் பதினொன்றரை மணிக்கு. எந்தத் தொழுகையும் இல்லாத நேரம்.

அழுத்தினாள். பூட்டு திறக்கும் சத்தம். கதவின் கீச்சு. செருப்பு கழற்றும் சத்தம். பிறகு கடைக்குப் போய்வந்த மூச்சிரைப்போடு அவள் குரல்: "அஸ்ஸலாமு அலைக்கும்." கணவர் குலாம் முகம்மது மௌத்தாகி மூன்று வருஷம் ஆகிறது. என்றாலும் ஆளில்லாத வீட்டுக்குள்ளும் ஸலாம் சொல்லித்தான் நுழைவாள், சின்ன வயதுப் பழக்கம். அதன் பிறகு மின்விசிறியின் கடகடப்பு மட்டும் கொஞ்ச நேரம். அப்புறம் உள்ளேயிருந்து, கட்டில் கிடக்கும் பக்கமாக, நடுங்கிய ஒரு பெண் குரல்.

"வஅலைக்கும் ஸலாம்."

வேறு யாராக இருந்தாலும் அலறியடித்துக்கொண்டு ஓடியிருப்பார்கள். அஃப்சருன்னிசா சந்தோஷத்தில் அழுதாள். யாருமில்லாத வீட்டில் ஸலாம் சொன்னால் வானவர்களான மலக்குகள் பதில் சொல்வார்கள் என்று மதரஸாவில் ஓதுகிற வயதிலேயே கேட்டவள் அவள். பெற்ற பிள்ளை வாரத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்க்கிறான், அல்லாஹ்வோ வானத்திலிருந்து ஆள் அனுப்பியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. திறந்தால் டிவி பக்கத்தில் கட்டிலைப் போட்டுவிடுவார்களே!

மறுநாள் சாவியைத் தேடித் தேடி ஓய்ந்துபோய், "எங்கே வெச்சேன்? தெரிஞ்சா சொல்லுங்களேன்" என்று காற்றைப் பார்த்துக் கேட்டாள். ஃபோனில் ஒரு பதிவு வந்து நின்றது. "அரிசி டப்பாவுல." அங்கேதான் இருந்தது. அன்றிலிருந்து எல்லாவற்றையும் கேட்க ஆரம்பித்தாள். மாத்திரை போட்டேனா, இன்றைக்கு என்ன கிழமை, ஆசிஃப் எப்போது வருவான். இடம் கொடுத்தால் மடம் பிடுங்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? ஒரு வாரத்தில் அந்தக் குரலின் நடுக்கம் போனது. இரண்டாம் வாரம் அது அவளைப் போலவே தொண்டையைச் செருமியது. மூன்றாம் வாரம் மணியடித்து அவள் ஃபோனைத் தேடி எடுப்பதற்குள் பதில் பதிவாகியிருந்தது, அவள் குரலில்.

"மாஷா அல்லாஹ் அம்மி! இந்த வாரம் ஒண்ணுகூட விடலை நீங்க. எவ்ளோ தெளிவா பேசுறீங்க! டாக்டரே அசந்துட்டாரு" என்றான் ஆசிஃப்.

அது நான் இல்லை என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டாள். வீடு முக்கியமில்லையா?

அடுத்து மருமகள் ரூபீனா கூப்பிட்டாள். "நேத்து அரை மணி நேரம் என்னா சிரிப்பு மாமி! முன்னெல்லாம் ஃபோனை எடுத்தாலே குறைதான் சொல்வீங்க. இப்பதான் மாமி நீங்க நீங்களா இருக்கீங்க."

நேற்று அவள் யாரோடும் பேசவில்லை. பேசவே இல்லை. அந்தச் சிரிப்பை மெச்சுகிறவளிடம் என்னவென்று சொல்வது? இருபது வருஷம் ஆக்கிப்போட்ட கை இது. இவர்களுக்குப் பிடித்ததோ அந்த இன்னொருத்தியை.

அன்று மதியம் லுஹர் தொழுதுவிட்டு உட்கார்ந்து பதிவுகளை வரிசையாகக் கேட்டாள். வெளியே வெயில் காய்ந்தது, உள்ளே கட்டில் பக்கம் மட்டும் சில்லென்று ஈரத்துணி வாடை. குரல் கதை சொல்லிக்கொண்டிருந்தது. கல்யாணமான மறுநாள் கொசுவலைக்குள் குலாம் முகம்மது அவளுக்கு வைத்த செல்லப் பெயரைச் சொல்லி, வெட்கப்பட்டுச் சிரித்தது. இரண்டு பேருக்கு மட்டுமே தெரிந்த பெயர். அஃப்சருன்னிசாவும் அதைச் சொல்லிப் பார்க்க வாயைத் திறந்தாள். வரவில்லை. பதிவை மறுபடி ஓட்டினாள். அந்த இடத்தில் கரகரவென்று சத்தம் மட்டும். மறுபடி. கரகர.

இப்போதுதானே கேட்டாள்? போய்விட்டது. அவர் முகம் இருந்தது, அவர் கூப்பிட்ட பெயர் இல்லை.

யா அல்லாஹ், மலக்குகள் எதையும் பிடுங்கிக்கொள்ள மாட்டார்களே.

சாயங்காலம் ஆசிஃப் வருவதாகச் சொல்லியிருந்தான். வரட்டும், எல்லாவற்றையும் கொட்டிவிடுவது என்று முடிவு செய்தாள். வீடு போனால் போகட்டும், ஹாலோ மூலையோ, அவளாக இருந்தால் போதும். மகனுக்கு டீ போடப் பால் இல்லை. ஃபோனைக் கையிலேயே பிடித்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

பால் கடை வெள்ளைச்சாமி அவளை ஒரு மாதிரி பார்த்தான். "இன்னாம்மா, இப்பதானே பால் வாங்கினு போனே? மறுபடியும் வந்து நிக்கிறே?"

அவள் பால் வாங்கவில்லை. திரும்பி நடந்தாள். பள்ளிவாசலிலிருந்து மஃக்ரிப் பாங்கு கேட்டது. சந்து விளக்கு இன்னும் எரியவில்லை. மாடிப்படியில் கைப்பிடிச் சுவரைத் தடவித் தடவி ஏறினாள். ஏழாவது படியில் ஏலக்காய் வாசனை. அவள் டீயில் போடுகிற அளவுக்கு, ஒரு சிட்டிகை கூடுதலாக.

கதவு ஒருக்களித்திருந்தது. வாசலில் ஆசிஃபின் செருப்பு.

உள்ளே அவன் சிரிக்கிறான். இத்தனை வருஷத்தில் அவளிடம் அவன் அப்படிச் சிரித்ததில்லை.

"ஒரு வாய் குடி பேட்டா, ஆறிடும்."

அவள் குரல்.

ஸலாம் சொல்லக் கூடாது. சொன்னால் அது பதில் சொல்லும். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

கையில் ஃபோன் மணியடித்தது. "இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்? உங்களுடன் யார் இருக்கிறார்கள்?"

பொத்தானை அழுத்தினாள். வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. பதில் உள்ளே இருந்து வந்தது.

"டீ குடிக்கிறேன். எம் பையன் கூட இருக்கான். வாசல்ல யாரோ நிக்கிறாங்க."

கதவு திறந்தது. ஆசிஃப் அவளை மேலும் கீழும் பார்த்தான். கோபமில்லை. வேற்று ஆளிடம் காட்டுகிற மரியாதை.

"யாரும்மா வேணும் உங்களுக்கு?"

"பேட்டா..." அதற்கு மேல் அவன் பெயர் வரவில்லை.

அவன் கண் அவள் கைக்குப் போனது. "இது எங்க அம்மி ஃபோனாச்சே. உங்ககிட்ட எப்படி வந்தது?" விரல்களை மெதுவாகப் பிரித்து வாங்கிக்கொண்டான்.

"திட்டாதே பேட்டா," என்றது உள்ளே. "பாவம், மறதிக்காரங்க போல. தண்ணி குடுத்து அனுப்பலாம்."

அவன் விலகி நின்றான். இருட்டிலிருந்து ஒரு கை டம்ளரை நீட்டியது. வலது கை. கட்டைவிரலில், புதுப் பெண்ணாக வந்த வருஷம் பிரியாணிச் சட்டி சுட்ட தழும்பு. அவளுடைய தழும்பு.

அஃப்சருன்னிசா தன் கட்டைவிரலைப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது.