ஊர்ப்பெயர் இல்லாத தீர்மானம்

நடுத்தங்கலில் வசிப்பவர்கள் காலையில் பல் தேய்ப்பதற்கு முன் நுரையீரலைக் கழுவுவார்கள். சுகிர்தாவும் அன்று அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். விலாவுக்குக் கீழே பொருத்தியிருந்த துணைநுரையீரலைத் திருகிக் கழற்றி, வெந்நீரில் அலசி, உதறி, மறுபடி மாட்டிக்கொண்டாள். நெஞ்சு நிறைந்தது. இப்போதெல்லாம் அவளுக்கு அந்த ஒரு நிறைவுதான்.

நடுத்தங்கல் என்பது வியாழனைச் சுற்றி வரும் ஒரு நிலையம். எந்த ஊருக்கும் சொந்தமில்லாத இடம். கல்மேடு, பனியூர், நெடுங்குழி என்ற மூன்று ஊர்கள் மூன்று நிலவுகளில் இருந்தன. மூன்றிலும் காற்று மெலிது. துணைநுரையீரல் இல்லாமல் நாலு எட்டு நடக்க முடியாது. அதுவும் தானாக ஓடாது. ஊர்க்கோபுரம் ஓயாமல் அனுப்பும் உயிர்க்குறி வந்தால்தான் ஓடும். கோபுரம் யார் கையில் இருக்கிறதோ அவர்கள் கையில்தான் ஊரின் மூச்சும் இருந்தது.

மூன்று ஊர்களிலும் கீழ்த்தளம் என்று ஒன்று உண்டு. பனியை வெட்டி உருக்கி, தண்ணீரும் காற்றும் ஆக்கி மேலே அனுப்புகிறவர்கள் தலைமுறையாக அங்கே வாழ்ந்தார்கள். வெட்டுவதற்கு எந்திரங்கள் வந்துவிட்டன. அதன் பிறகு மேல்தளத்தவர்கள் அவர்களை ‘மிகைச் சுவாசிகள்’ என்று சொல்லத் தொடங்கினார்கள். முதலில் கேலியாக, பிறகு செய்திகளில், பிறகு சட்டங்களில். ஒரு கூட்டத்துக்கு இப்படிப் பெயர் வைத்துவிட்டால் அடுத்து என்ன வரும் என்பது சுகிர்தாவுக்குத் தெரியும். அதைத் தெரிந்துவைத்திருப்பதுதான் அவள் வேலை.

அவள் முந்நிலவு மனித உரிமைக் கூட்டமைப்பின் செயலாளர். ஊருக்கு ஒன்றாக மூன்று அமைப்புகள் சேர்ந்து உருவாக்கியது அது. எங்காவது பெருங்கொடுமைக்கு அறிகுறி தெரிந்தால் மூவரும் சேர்ந்து தடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். இத்தனை வருடத்தில் மூவரும் சேர்ந்து ஒரு சின்னம் தேர்ந்தெடுத்திருந்தார்கள். கூட்டமைப்பின் பாட்டில் எந்த ஊர் முதலில் வர வேண்டும் என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.

இந்த முறை அறிகுறி மூன்று ஊர்களிலிருந்தும் வந்திருந்தது. மூன்றிலும் கீழ்த்தளத்துக்கு மட்டும் உயிர்க்குறி சிறிது நேரம் நின்றிருந்தது. ‘பழுது’ என்றார்கள். ஒவ்வோர் ஊரிலும் சிலர் இறந்திருந்தார்கள். பழுது பார்க்க யாரும் போகவில்லை. இது ஒத்திகை என்று சுகிர்தா புரிந்துகொண்டாள். அடுத்த தடவை குறி திரும்பி வராது.

கூட்டத்துக்கு ஊருக்கு ஒருவராக மூன்று பேர் வந்திருந்தார்கள். பச்சைப் பாசித் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

“எங்க கல்மேட்டுல நடந்தது தொழில்நுட்பக் கோளாறு மேடம்,” என்றார் எட்வின் அமலதாசன். “அதப் போயி கொடுமைங்கற தலைப்புல சேக்கறது நியாயமே இல்ல.”

“குழந்தைங்க செத்துருக்கு எட்வின்,” என்றாள் சுகிர்தா.

“வருத்தந்தான். ஆனா நெடுங்குழில நடக்கறதோட இத ஒப்பிடலாமா?”

நெடுங்குழிக்காரரான சோமகாந்தன் நாற்காலியை முன்னால் இழுத்தார். “எங்க ஊர ஏன் இழுக்கறீங்க? பனியூர்ல என்ன நடந்துச்சுன்னு நிலோஃபர் சொல்லட்டும் மொதல்ல.”

“அது எங்க உள்விவகாரம்,” என்றாள் பனியூர் நிலோஃபர். “நாங்களே விசாரிச்சுட்டிருக்கோம். கல்மேட்டுல அதுகூட கெடையாது.”

இவர்கள் கெட்டவர்கள் இல்லை. அதுதான் சுகிர்தாவை அதிகம் களைப்படையச் செய்தது. கல்மேட்டுச் சுரங்க மக்களுக்காக நிலோஃபர் சிறைக்குப் போயிருக்கிறாள். எட்வின் நெடுங்குழிக் கோபுரத்துக்கு முன்னால் உண்ணாவிரதம் கிடந்து துணைநுரையீரலையே கெடுத்துக்கொண்டவர். சோமகாந்தன் பனியூரில் அடி வாங்கியவர். ஒருவராவது தன் ஊர்க் கீழ்த்தளத்துக்கு இறங்கிப் போனதாகப் பதிவில்லை.

வாக்குவாதம் மதியத்தைத் தாண்டியது. சுகிர்தா இரண்டு விரல்களால் கண்ணை அழுத்திக்கொண்டாள். பிறகு மூலையில் நின்ற குறிப்பனைக் கூப்பிட்டாள். குறிப்பன் கூட்டக் குறிப்பு எடுக்கும் எந்திரன். ஏட்டுத் தமிழ்தான் பேசும்.

“குறிப்பா, மூணு ஊர்லேர்ந்தும் வந்த அறிக்கைங்கள ஒண்ணா சேர்த்துப் படி. ஊர்ப்பேர், ஆள்பேர் எதுவும் வேண்டாம். என்ன நடந்துச்சுங்கறத மட்டும் படி.”

சண்டையை நிறுத்துவதற்காகத்தான் அதைச் சொன்னாள். வேறு யோசனை எதுவும் அப்போது அவளுக்கு இல்லை.

குறிப்பன் படித்தது. “முதலில் முதியவர்கள் உட்கார்ந்தார்கள். பிறகு நின்றிருந்த அனைவரும் உட்கார்ந்தார்கள். ஒரு தாய் தன் துணைநுரையீரலைக் கழற்றிக் குழந்தைக்கு மாட்ட முயன்றாள். இரண்டுமே இயங்கவில்லை. உதவி கேட்டுக் குழாயைத் தட்டினார்கள். தட்டும் ஓசை மேல்தளத்தில் நன்றாகக் கேட்டது. அங்கே ஒரு திருமண விருந்து நடந்துகொண்டிருந்ததால் இசையின் ஒலியைக் கூட்டினார்கள்.”

வாசிப்பு முடிந்தது. நிலோஃபர் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள்.

“எப்படிங்க மனுஷங்க இப்படி இருக்க முடியுது?” என்றார் எட்வின்.

“உடனே தீர்மானம் போடணும்,” என்றார் சோமகாந்தன். “இன்னைக்கே.”

“போடலாம். ஆனா ஊர்ப்பேரு வேண்டாம் மேடம்,” என்றாள் நிலோஃபர். “யாருன்னு இங்க எல்லாருக்கும் தெரியும். எதுக்கு ஒருத்தர் மனச நோகடிக்கணும்?” சொல்லிவிட்டு எட்வினை இரக்கத்தோடு பார்த்தாள்.

எட்வின் அதைக் கவனிக்கவில்லை. அவர் சோமகாந்தனின் கையை ஆறுதலாகத் தட்டிக்கொண்டிருந்தார். சோமகாந்தன் நிலோஃபருக்கு ஒரு தம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொடுத்து, “விடும்மா. உங்க தப்பு இல்ல,” என்றார்.

சுகிர்தாவுக்கு அப்போதுதான் புரிந்தது.

“அந்த சனங்களுக்கு எங்க நெடுங்குழியோட கதவு எப்பவும் தொறந்திருக்கும்,” என்று சோமகாந்தன் தொடர்ந்தார். “எங்க ஆளுநர்கிட்ட நான் பேசறேன்.” மற்ற இருவரும் அதில் பின்தங்க விரும்பவில்லை. கப்பல் அனுப்புவோம் என்றார் எட்வின். வீடு தருவோம் என்றாள் நிலோஃபர்.

குறிப்பன் சுகிர்தாவின் காதருகே குனிந்தது. “அம்மா, இத்தீர்மானம் மூன்று ஊர்களையும் குறிக்கிறது. ஆனால் ஒவ்வொருவரும் அது பிறர் ஊர் என்றே எண்ணுவதாகத் தோன்றுகிறது. தெரிவிக்கட்டுமா?”

தெரிவித்தால் கூட்டம் கலைந்துவிடும். கோபுரங்கள் காத்திருக்காது.

“வேண்டாம்,” என்றாள். “பேசாம இரு.”

உண்மையைச் சொல்லத்தான் இந்த வேலைக்கு வந்தாள். அதை மறைக்கச் சொல்லிக் கேட்ட தன் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. கூட்டமைப்பின் வரலாற்றில் அதுதான் முதல் தடவை. மூன்று ஆளுநர்களும் அதை வரவேற்றார்கள். அண்டை ஊரின் ஈவிரக்கமற்ற செயலைக் கண்டு நெஞ்சு பதறுவதாக அறிக்கை விட்டார்கள். கல்மேடு நெடுங்குழிக்குக் கப்பல் அனுப்பியது. நெடுங்குழி பனியூருக்கு அனுப்பியது. பனியூர் கல்மேட்டுக்கு அனுப்பியது. தங்கள் ஊருக்கே கப்பல் வந்து நின்றபோது மூன்று ஆளுநர்களும் இது அவதூறு என்று கத்தினார்கள். ஆனாலும் போகிறவர்களைத் தடுக்கவில்லை. கொல்லத் துணிந்தவர்களுக்கு வழியனுப்புவது சுலபமாக இருந்தது.

மூன்று கப்பல்களும் நடுத்தங்கலில் வந்து நின்றன. பழைய ஊரின் உயிர்க்குறியை நீக்கிப் புதிய ஊரின் குறியைத் துணைநுரையீரலில் பதிப்பதற்கு அங்கேதான் வசதி இருந்தது. பெரிய கூடத்தில் மூன்று வரிசைகள். அழைத்துப்போக வந்தவர்கள் பூங்கொத்தும் பதாகையும் வைத்திருந்தார்கள். ஒருவர்கூட வழியில் சாகவில்லை. சுகிர்தா மகிழ்ச்சி வருமா என்று பார்த்தாள். கால்தான் வலித்தது.

கல்மேட்டு வரிசையில் அன்னக்கொடி என்றொரு பெண் இருந்தாள். நாற்பது வயது இருக்கும். பனிச்சுரங்கத்தில் கருத்துப்போன விரல்கள். போன பழுதில் தம்பியைப் பறிகொடுத்தவள். சுகிர்தா கொடுத்த தேநீரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, எதிர் வரிசையைப் பார்த்தாள். அங்கேயும் கருத்த விரல்கள், அதே இருமல்.

“அவங்கல்லாம் யாருக்கா?”

“பனியூர் கீழ்த்தளத்துக்காரங்க. அவங்களுக்கும் மூச்ச நிறுத்திட்டாங்க.”

“ஐயோ பாவமே.” அன்னக்கொடி தலையை ஆட்டினாள். உண்மையாகவே வருந்தினாள். பிறகு கொஞ்சம் யோசித்தாள். “ஆனா சும்மா நிறுத்துவாங்களாக்கா? இவங்க என்ன பண்ணுனாங்களோ.”

சுகிர்தா அவளைப் பார்த்தாள். “உங்களுக்கு ஏன் நிறுத்துனாங்க?”

“எங்களுது வேறக்கா. நாங்க ஒரு தப்பும் பண்ணல. எங்க கல்மேட்டுக்காரங்களும் அவ்வளவு மோசமில்ல, ஏதோ அந்த நேரத்துக்குப் புத்தி கெட்டுப்போச்சு.” குரலைத் தாழ்த்தினாள். “பனியூர்ல எங்கள நல்லா வச்சுப்பாங்கன்னு சொன்னாங்க. நல்லவேள, இவங்க அங்கேர்ந்து கிளம்பிட்டாங்க.”

பனியூர்க் கப்பலுக்கு அழைப்பு வந்தது. அன்னக்கொடி காலிக் கோப்பையைச் சுகிர்தாவிடம் கொடுத்துவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டாள்.

எதிர் வரிசையில் ஒரு கிழவர், கிளம்பிப்போகும் கல்மேட்டுக்காரர்களைக் காட்டிப் பக்கத்தில் இருந்தவனிடம் ஏதோ சொன்னார். சொல்லிவிட்டு அவரும் தலையை ஆட்டினார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

“அம்மா,” என்றது குறிப்பன், “அவர் கூறுவது எனக்குக் கேட்கிறது. தங்களுக்குச் சொல்லட்டுமா?”

“வேண்டாம்ப்பா,” என்றாள் சுகிர்தா. “தெரியும்.”